ஓரத்து நட்சத்திரம்

நியுலாக்கிட்டா
20 ஆகஸ்ட் 1995

கர்த்தருக்குள் அன்பான தங்கை சுலாட்டாவுக்கு,

ஆண்டவருடைய தயவால் நானும் அவரும் பிள்ளைகளும் சுகம். மாப்பிள்ளை லிஃபூகாவுக்கும் உன் பிள்ளைகளுக்கும் அதே சுகத்தைக் கேட்டு ஜெபிக்கிறேன். போன கப்பலில் நீ அனுப்பிய சவுக்காரம், வெள்ளை நூல், ஊசிப் பொட்டலம் எல்லாம் வந்து சேர்ந்தன. அரிசி மூட்டையில் மட்டும் கடல் தண்ணீர் பட்டுவிட்டது. காயவைத்துத் தின்றுகொண்டிருக்கிறோம். உப்புப் போடும் வேலை மிச்சம்.

ஊர்க் கொட்டகை வானொலியில் ஒரு செய்தி கேட்டோம். அக்டோபர் முதல் தேதி சுதந்திர நாளுக்குப் புதுக் கொடியாம். தீவுக்கு ஒன்றாக இருந்த ஒன்பது நட்சத்திரம் எட்டாகிறதாம். நம் நாட்டுப் பேர் துவாலு என்றாலே எட்டும் சேர்ந்து நிற்பது என்றுதானே அர்த்தம், பேர் ஒன்று சொல்லக் கொடி வேறொன்று சொல்லலாமா என்று வாசித்தவர் கேட்டார். எங்கள் தீவின் தலைவர் வாகுனாவும் அதற்குத் தலையாட்டினார். "பேரு வச்ச காலத்துல இங்க ஆளே கிடையாது. பறவைதான் இருந்துச்சு. பறவையை யாரு எண்ணுவா?" என்றார். பக்கத்து வீட்டுத் தெலிட்டா விடுவாளா? "அப்ப நாங்கல்லாம் இங்க முட்டை போட்டுக்கிட்டா இருக்கோம்?" என்றாள். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் ஃபுனாஃபுத்தியில் விருந்து வைத்தால் பங்கு பிரிப்பவர் தீவுகளின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார், நீ கேட்டிருக்கிறாய். எட்டுப் பேரோடு நிறுத்திவிடுவார். எங்களை இங்கே குடியேற அனுப்பியது நியூட்டாவோ தீவு என்பதால் நியூட்டாவோவின் பங்கிலேயே நாங்களும் கை நீட்ட வேண்டும். எங்களுக்கென்று தனிப் பங்கு இருந்த இடம் கொடி ஒன்றுதான். எடுக்கப்போவது எந்த நட்சத்திரம்? கொடி தைக்கும் இடத்திலேயே வேலை செய்கிறாய், உனக்குத் தெரியாமல் இருக்காது.

நியூட்டாவோவில் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அங்கிருந்து வருகிறவர்களை விசாரித்து எழுது. கருவாடு ஒரு கட்டும் தாழம்பாய் ஒன்றும் கொடுத்துவிட்டிருக்கிறேன். பாயை மடித்து வைக்காதே, சுருட்டி வை.

உன் அக்கா,
பசேப்பா


ஃபுனாஃபுத்தி
14 செப்டம்பர் 1995

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல். பாய் வந்தது. லிஃபூகா அதில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. "உங்க அக்கா கை பட்டா தாழை கூட மெத்தை ஆயிடுது" என்கிறார். கருவாட்டில் பாதியை வழியிலேயே யாரோ தின்றிருக்கிறார்கள். மீதிக்குத் தோத்திரம்.

எந்த நட்சத்திரம் என்று கேட்டிருந்தாய். நாங்கள் தைக்கிற பெண்கள் மூன்று பேரும் முதல் நாள் அதையேதான் கேட்டோம். மேற்பார்வை பார்க்க வந்தவர் துணியை விரித்து ஒரு தரம் பார்த்தார். "எட்டு இருந்தா சரிம்மா" என்றார். "எந்த எட்டு ஐயா?" என்றேன். "ஓரத்துல இருக்கறதை விட்டுடுங்களேன்" என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

கொடி என்பது நம் தீவுகளின் வரைபடம்தானே அக்கா. சூரியன் உதிக்கிற திசை மேலே வரும்படி பிடித்தால் கம்பத்தின் பக்கம் வடக்கு, காற்றில் அடிக்கிற பக்கம் தெற்கு. கீழே இடது பக்கம் நனுமேயா. அங்கிருந்து சரிவாக ஏறிப் போனால் வலது மேல் மூலையில் கடைசியாக நிற்பது உங்கள் தீவு.

நான் எதையும் பிரித்தெடுக்கவில்லை. தைக்காமல் விட்டேன், அவ்வளவுதான்.

அம்மா நலம் என்று கேள்வி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். சவுக்காரம் விலை ஏறிவிட்டதால் இந்த முறை இரண்டுதான்.

உன் தங்கை,
சுலாட்டா


நியுலாக்கிட்டா
19 நவம்பர் 1995

கர்த்தருக்குள் அன்பான சுலாட்டாவுக்கு,

உன் கடிதம் இரண்டு மாதம் கழித்து நேற்றுத்தான் வந்தது. நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பதற்கு ஸ்தோத்திரம். இங்கே சின்னவனுக்குக் காதில் சீழ். வெந்நீர் ஒற்றடம் கொடுக்கிறேன், குறைந்திருக்கிறது.

சுதந்திர நாளுக்குக் கப்பல் வரவில்லை, புதுக் கொடியும் வரவில்லை. கொடி இல்லாமல் எப்படி என்று பழையதையே துவைத்து ஏற்றினோம். போதகர் ஜெபித்தார், பிள்ளைகள் பாடினார்கள். பிறகுதான் வாகுனாவுக்கு உறைத்தது. "ஐயோ, இன்னிக்கு முதல் இது செல்லாத கொடியாச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நாட்டிலேயே அன்றைக்கு ஒன்பதும் பறந்தது எங்கள் தென்னைக்கு மேலேதான் இருக்கும்.

நேற்றைய கப்பலில் எட்டு நட்சத்திரக் கொடி வந்தது. மூலையைப் பார்த்தேன். அளவாக, சுத்தமாக, வெறும் நீலமாக இருந்தது. உன் தையல் எனக்குத் தெரியும்.

அதே கப்பலில் நியூட்டாவோ பெரியவர்களின் செய்தியும் வந்தது. ஜனவரியில் கூடுகிறார்களாம். இங்கே இருக்கும் குடும்பங்களைத் திரும்ப அழைப்பதா என்று பேசப்போகிறார்களாம். எங்கள் பேர் முதலில் இருக்கிறது என்று கேள்வி. முறை வைத்து இங்கே வந்தவர்கள் நாலு வருஷத்தில் போயிருக்க வேண்டும். நாங்கள் வந்து பதினோரு வருஷம்.

எனக்குப் போக மனமில்லை. உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன். மாமியார் வீட்டில் நான் நாலாவது மருமகள். என் பானை அடுப்பில் எப்போது ஏறும் என்பதை இன்னொருத்தி சொல்வாள். இங்கே என் அடுப்பு என் அடுப்பு. சேம்புக் குழி நானும் அவரும் வெட்டியது. தழை போட்டுப் போட்டு மண் கறுக்கவே வருஷங்கள் ஆயின. மற்றதை எல்லாம் கப்பலில் ஏற்றலாம், குழியை ஏற்ற முடியாது.

மாப்பிள்ளை நியூட்டாவோ ஆள். படித்தவர். அவர் சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள். எங்களுக்காக ஒரு வார்த்தை பேசச் சொல். அம்மாவின் கால் பற்றி நீ எழுதவே இல்லை.

உன் அக்கா,
பசேப்பா


ஃபுனாஃபுத்தி
22 ஜனவரி 1996

அன்பு அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். சின்னவன் காதுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். காலையில் இரண்டு சொட்டு, மாலையில் இரண்டு சொட்டு.

கொடி மறுபடியும் மாறிவிட்டது. இந்த முறை மூலையில் இருந்த ஆங்கிலேயர் கொடியும் போய், நம் இளநீலமும் போய்விட்டது. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பட்டை பட்டையாக இருக்கிறது. நட்சத்திரம் வெள்ளை, எட்டேதான். சிவப்புத் துணி கையில் சாயம் ஒட்டுகிறது. சோறு பிசையும்போது கை ரத்தம் போல இருக்கிறது என்று பிள்ளைகள் சிரிக்கின்றன. இந்தக் கொடியில் வரைபடம் பார்க்கச் சொல்லிக் கேட்காதே, எனக்கே பிடிபடவில்லை.

லிஃபூகா கூட்டத்துக்குப் போய் வந்தார். வேலை அதிகம். அவசரமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

சுலாட்டா


நியுலாக்கிட்டா
30 மார்ச் 1996

கர்த்தருக்குள் அன்பான சுலாட்டாவுக்கு,

உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறேன். மருந்து நல்ல மருந்து. சின்னவனுக்கு இப்போது கூப்பிட்டால் காது கேட்கிறது. கேட்டும் வருவதில்லை.

மாப்பிள்ளை கூட்டத்தில் என்ன பேசினார் என்று நீ எழுதவில்லை. கப்பலில் சமைக்கிறவர் சொன்னார். அவர் அன்றைக்கு நியூட்டாவோவில் இறங்கி அந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தாராம். மாப்பிள்ளை எழுந்து இப்படிச் சொன்னாராம்: "அரசாங்கமே எட்டுன்னு எண்ணிடுச்சு. நாம மட்டும் ஏன் ஒன்பதுன்னு எண்ணிக்கிட்டு, ஆளையும் அரிசியையும் அங்க அனுப்பிக்கிட்டு இருக்கணும்? கொப்பரை வெட்ட ரெண்டு குடும்பம் போதும். யாக்கோபோ குடும்பம் வரட்டும். கிழவியைப் பாத்துக்கவும் ஆள் ஆச்சு."

பெரியவர்கள் கை தட்டினார்களாம். கிறிஸ்துமஸுக்குள் யாக்கோபோ குடும்பமாகிய நாங்கள் வர வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. உன் அத்தானிடம் சொன்னேன். கள்ளு இறக்கப் போகிறேன் என்று சுரைக்குடுக்கையை எடுத்துக்கொண்டு தென்னையில் ஏறியவர் வெகுநேரம் இறங்கவில்லை.

கிழவி என்றது நம் அம்மாவை. அம்மாவுக்கு முழங்கால் மடங்காமல் போனால் நீ போய்ப் பார்ப்பதாக, நான் இங்கே வரக் கப்பல் ஏறிய அன்று துறையில் நின்று சொன்னது நீதான். உனக்கு ஞாபகப்படுத்தவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை. அதையும் சமையற்காரர்தான் சொன்னார்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தம்.

பசேப்பா


ஃபுனாஃபுத்தி
11 ஜூன் 1996

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் ஏப்ரலிலேயே வந்தது. நடுவில் ஒரு கப்பல் உங்கள் பக்கம் வந்து போனது தெரியும். அதில் எழுத முடியவில்லை.

கூட்டத்தில் பேசுவது ஆண்கள் விஷயம். நான் என்ன சொல்ல? எனக்கு இங்கே வேலை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. மூத்தவள் பரீட்சை எழுதி மேல்படிப்புக்கு வைத்துப்பு தீவுக்குப் போகப்போகிறாள். இந்தச் சமயத்தில் வீட்டை விட்டுவிட்டு யாரால் போக முடியும் என்று நீயே சொல். உனக்கு எங்கே இருந்தாலும் அடுப்பும் மீனும்தானே.

இப்படி எழுதிவிட்டேன். கிழித்துப் போடலாம் என்றால் வேறு தாள் இல்லை.

சவுக்காரம் ஆறு அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

சுலாட்டா


நியுலாக்கிட்டா
4 அக்டோபர் 1996

கர்த்தருக்குள் அன்பான சுலாட்டாவுக்கு,

எல்லோரும் சுகம். சவுக்காரம் ஆறும் வந்தன. மூத்தவள் பரீட்சையில் தேறியதை வானொலியில் பேர் வாசிக்கும்போது கேட்டேன். கொட்டகையில் எழுந்து நின்று, "அது என் தங்கச்சி மக" என்றேன். இங்கே எல்லோரும் கை தட்டினார்கள் என்று அவளிடம் சொல்.

டிசம்பர் கப்பலில் வருகிறோம். பன்றி மூன்று, கோழிகள், பாய், பானை, துணிப்பெட்டி. கப்பல் உங்கள் ஊரில் ஒரு நாள் நிற்குமாம். அன்றிரவு உங்கள் வீட்டில் படுக்க இடம் வை. பன்றிகளுக்கு வேண்டாம், அவை கப்பலிலேயே இருக்கும்.

சேம்புக் குழியைத் தெலிட்டாவிடம் ஒப்படைத்தேன். அவள் குடும்பம் இங்கேயே இருக்கிறது. "தின்னு, வேண்டாம்னு சொல்லல. ஆனா கன்னு வைக்காம ஒண்ணைக் கூடப் பிடுங்காதே" என்றேன். "நீ ஒரு குழிக்கு இவ்வளவு சொல்றே. என் புருஷனை விட்டுட்டுப் போனா கூட நான் இவ்வளவு சொல்ல மாட்டேன்" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுப்பு, மீன் என்று எழுதியிருந்தாய். சரிதான். அதுதான்.

பசேப்பா


நியூட்டாவோ
9 பிப்ரவரி 1997

கர்த்தருக்குள் அன்பான சுலாட்டாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தோம். வழியில் ஒரு பன்றி செத்தது, மற்றபடி கர்த்தர் காத்தார். உன் வீட்டில் நன்றாகக் கவனித்துக்கொண்டாய். நீ மீன் பொரித்தாய், நான் பாத்திரம் கழுவினேன். மாப்பிள்ளை பருவக்காற்றைப் பற்றி நிறையப் பேசினார். எனக்கும் காற்றைப் பற்றிச் சொல்ல இருந்தது, சொன்னேன். நீ அழுவாய் என்று நினைத்துக் கைக்குட்டை வைத்திருந்தேன். நீயும் அப்படித்தான் நினைத்தாய் போலிருக்கிறது.

இங்கே மாமியார் வீட்டில் எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். என் பானை நாலாவதாக ஏறுகிறது. அதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுகின்றன. அவர் காலையிலேயே வலை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அண்ணன்மார் மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஆண்பிள்ளைக்கும் பேச இடம் இல்லை.

விடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைத்துக் கொடுக்கிறேன். எண்ணெய் தேய்த்துக் காலை மடக்கிப் பார்க்கிறேன். அம்மா அழுவதில்லை, திட்டுகிறார். "நீ என்ன சேம்பு மாவா பிசையுற?" என்கிறார். உன்னைப் பற்றிக் கேட்கிறார். வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா,
பசேப்பா


ஃபுனாஃபுத்தி
25 மார்ச் 1997

அன்பு அக்காவுக்கு,

நலம், உங்கள் நலமறிய ஆவல். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

நாளைக் காலை கப்பல் வடக்கே கிளம்புகிறது. அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தையல் மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். அரசாங்கம் மாறியது உனக்குத் தெரியும். கொடியும் மாறுகிறது. புதிது இல்லை, பழையதே. இளநீலம், மூலையில் ஆங்கிலேயர் கொடி, மஞ்சள் நட்சத்திரம் ஒன்பது. ஏப்ரல் பதினொன்றாம் தேதி எல்லாத் தீவிலும் ஏற்றப்போகிறார்கள். உங்கள் தீவுக்கான கொடி இதே கப்பலில் வருகிறது.

மேற்பார்வை பார்க்க வந்தவர் அதே ஆள்தான். "ஒன்பது இருந்தா சரிம்மா" என்றார். இந்த முறை நான் எந்த ஒன்பது என்று கேட்கவில்லை.

மற்ற இரண்டு பேரும் நடுவில் இருக்கிறவற்றைத் தைத்தார்கள். வலது மேல் மூலையை நான் வாங்கிக்கொண்டேன். கம்பத்திலிருந்து தூரத்தில் இருக்கிற மூலைதான் காற்றில் முதலில் கிழியும். அதனால் இரட்டைத் தையல் போட்டேன். "ஏன் சுலாட்டா, ஒரு நட்சத்திரத்தோடயே குடித்தனம் பண்ற?" என்று கேலி செய்தார்கள். நூல் சிக்கிவிட்டது என்றேன்.

லிஃபூகா வீட்டில், கொடி எப்படி இருந்தாலென்ன, முடிவு முடிவுதான் என்கிறார். கூட்டத்தில் அவர் சொன்ன வார்த்தை அவருக்கு மறந்துபோயிருக்கலாம். உனக்கு மறக்காது என்று எனக்குத் தெரியும்.

என் துணிப்பெட்டியின் கொண்டி உடைந்திருந்தது. நேற்று வேறு போட்டு வாங்கினேன். எதற்கும் இருக்கட்டும்.

உன் தங்கை,
சுலாட்டா


நியூட்டாவோ
20 ஏப்ரல் 1997

கர்த்தருக்குள் அன்பான சுலாட்டாவுக்கு,

சுகம். அம்மா சாப்பிடுகிறார், தூங்குகிறார், திட்டுகிறார். உன் கடிதம் கொடிக்கு முன்னால் என் கைக்கு வந்தது.

பதினொன்றாம் தேதி கொடி ஏற்றினார்கள். ஜெபம், பாட்டு, ஆட்டம், பிறகு விருந்து. பெரியவர்கள் கொட்டகைத் தூண்களில் சாய்ந்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வெளிப்பக்கம் இருந்து பரிமாறினோம். தலைமைப் பெரியவர் எழுந்து, "விட்டுப் போனது வீட்டுக்கு வந்துடுச்சு. ஒன்பதும் மறுபடி சேர்ந்து நிக்குது" என்றார். கொட்டகை அதிரக் கை தட்டினார்கள். நான் இளநீர் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"கப்பல் எப்ப ஐயா?" என்றேன்.

"எந்தக் கப்பல்மா?"

"எட்டுன்னு சொல்லி எங்களைக் கூப்பிட்டீங்க. இப்ப ஒன்பதுன்னு கை தட்டுறீங்க. எங்களைத் திருப்பிக் கொண்டுபோய் விடுற கப்பல் எப்ப?"

கொட்டகைக்குள் பெண் வாய் திறப்பது இங்கே வழக்கமில்லை, உனக்குத் தெரியாததா. மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். மூத்த மைத்துனர், "யாக்கோபோ, உன் பொண்டாட்டியை உட்காரச் சொல்லு" என்றார்.

உன் அத்தான் மெதுவாகத்தான் பேசினார். "நான் சொல்லி உட்கார்ற ஆளா இருந்தா, நாலு வருஷத்துக்குப் போன நான் பன்னெண்டு வருஷம் ஏன் இருந்தேன்?" என்றார். வெளியே பெண்கள் பக்கம் சிரித்துவிட்டார்கள்.

பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை. "கொடியில நட்சத்திரம் வந்தா ஆளும் போகணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று கேட்டார்.

"நட்சத்திரம் போனா ஆளும் வரணும்னு எந்தச் சட்டத்துல இருந்துச்சு ஐயா?" என்றேன்.

அவர் இளநீரைக் குடித்தார். முழுக்கக் குடித்துவிட்டு ஓட்டைக் கீழே வைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "நாமதான் சொன்னோம், நாமதான் கேட்டுக்கணும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பிறகு என்னிடம், "ஜூலைக் கப்பல்ல போங்க. இப்ப அந்த மீனை இந்தப் பக்கம் தள்ளு" என்றார்.

அம்மாவைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன். ஜூலைக் கப்பல் உங்கள் ஊரிலிருந்து வடக்கே வந்து, இங்கே ஆளை இறக்கி, ஆளை ஏற்றிக்கொண்டு திரும்பும்.

உன் அக்கா,
பசேப்பா


நியூட்டாவோ
27 ஜூலை 1997

அன்பு அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் உன்னிடம் எப்போது வரும் என்று தெரியாது. கப்பல் வரும்போது வரட்டும்.

கப்பல் ஓரத்தில் படகு ஆடிய ஆட்டத்தில் உன்னிடம் எதுவும் சரியாகப் பேச முடியவில்லை. நான் ஏணியில் இறங்க, நீ ஏற. நடுவில் உன் கோழிக்கூடை வேறு. "காலையில கஞ்சி சூடா இருக்கணும், ஆறினா தொட மாட்டாங்க" என்று நீ கத்தியது மட்டும் கேட்டது. அதற்கு முன்னால் வேறு ஏதோ சொன்னாய். அலைச் சத்தத்தில் போய்விட்டது. நான் தலையாட்டினேன். என்ன சொன்னாய் என்று எழுதாதே, நான் தலையை ஆட்டிவிட்டேன்.

லிஃபூகா வரவில்லை. அவருக்கு வேலை. பிள்ளைகள் அவரோடு இருக்கிறார்கள். மூத்தவள் விடுமுறைக்கு வந்து சமைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். தையல் இடத்தில் என் நாற்காலியில் வேறு பெண் உட்கார்ந்திருப்பாள். எத்தனை நாள் இருப்பேன் என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கஞ்சி சூடாகத்தான் வைக்கிறேன். எண்ணெய் தேய்க்கும்போது என்னையும் திட்டுகிறார். என் கை உன் கை மாதிரி இல்லையாம். தைக்கிற கையாம், குத்துகிறதாம். தரையில் படுக்க முதலில் முதுகு வலித்தது, இப்போது பழகிவிட்டது.

அம்மா என்னைப் பசேப்பா என்றுதான் கூப்பிடுகிறார். வந்த புதிதில் "பசேப்பா இல்லம்மா, நான் சுலாட்டா" என்று திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது "வந்துட்டேம்மா" என்று எழுந்து போகிறேன்.

உன் தங்கை,
சுலாட்டா